'போடுங்கம்மா' என்று சொன்ன பெண்

போன மாதம் கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக் கடை. மூன்றாவது மாடி, காட்டன் புடவைகள். என் நாத்தனார் மகள் வளைகாப்புக்குப் புடவை எடுக்கப் போயிருந்தேன்.

மாம்பழ நிறத்தில் ஒன்று பிடித்திருந்தது. அட்டைப் பெட்டியில் வைத்து, பெட்டி மேல் தங்க எழுத்தெல்லாம் போட்டிருந்தார்கள். இதையே பில் போடும்மா என்றேன். புடவைகளைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்த பெண் ஒரு நொடி தயங்கினாள். சூப்பர்வைசர் எங்கே நிற்கிறார் என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். அதே துணி, அதே கரை, பக்கத்து அடுக்கில் எழுநூறு ரூபாய் கம்மியாக இருக்கிறதாம். இந்த விலை பெட்டிக்குத்தானாம்.

ஜவுளிக் கடையில் சம்பளம் வாங்குகிற ஒரு பெண், விலை குறைந்த புடவையைக் கைகாட்டுகிறாள். உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா? எனக்கு இதுதான் முதல் தடவை.

பில்லுக்கு நகரும்போது கேட்டாள். "நீங்க பேப்பர்ல வாராவாரம் எழுதறவங்கதான மேடம்?"

பத்தி எழுதுகிறவர்களுக்கு இதைவிட இனிப்பான கேள்வி கிடையாது. நான் பூரித்துப்போய், என்ன எழுதினது பிடித்தது என்று கேட்டேன்.

கேட்டிருக்கக் கூடாது.

"ஃபைனான்ஷியல் பிளானிங் படிப்பு பத்தி எழுதினீங்களே மேடம், அதுதான். அத்தப் படிச்சிட்டுத்தான் நான் அதுல சேர்ந்தேன்."

முடித்துவிட்டாயா என்றேன். முடித்துவிட்டாளாம். முதல் வகுப்பாம்.

அப்புறம் ஏன்... என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். அவள் கையில் பாதி மடித்த புடவை இருந்தது.

அந்தக் கட்டுரை எனக்கு மறந்தே போயிருந்தது. சில வருடங்களுக்கு முன்னால் அண்ணன் மகனை ஒரு பல்கலைக்கழகத்தில் சேர்க்கச் சென்னைக்குப் போயிருந்தேன். வரிசையில் நின்றபோது ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். தனிநபர் நிதித் திட்டம் — அதற்கென்றே இரண்டு வருட மேற்படிப்பு. ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வரவு, எவ்வளவு செலவு, எந்த இன்ஷூரன்ஸ் வேண்டும், பிள்ளை படிப்புக்கு எப்படிச் சேர்ப்பது, வயதான காலத்துக்கு என்ன செய்வது... எல்லாவற்றையும் உட்கார்ந்து சொல்லித்தரும் ஆலோசகர்களை உருவாக்கும் படிப்பு.

எனக்கு ஒரே பரவசம். அந்த வாரமே எழுதிவிட்டேன். உடம்புக்கு டாக்டர் இருக்கிற மாதிரி குடும்பத்துப் பணத்துக்கும் ஒரு டாக்டர் வரப்போகிறார், நம் ஊர்ப் பெண்கள் இதில் சேர வேண்டும் என்று. அந்த 'டாக்டர்' உவமையில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. நிறையக் கடிதங்கள் வந்தன. அடுத்த வாரம் மிக்சி ரிப்பேரானதைப் பற்றி எழுதினேன். இதை மறந்துவிட்டேன்.

நான் மறந்த இடத்திலிருந்து ஒரு பெண் நடக்கத் தொடங்கியிருக்கிறாள்.

வாராந்திர விடுமுறை அன்று வீட்டுக்கு வா என்று விலாசம் கொடுத்தேன். வருவாள் என்று நினைக்கவில்லை. வந்தாள். பெயர் வினோதினி. திருநாவலூர்ப் பக்கம் சொந்த ஊர். அப்பா ஏழுமலை, குத்தகை நிலத்தில் கரும்பும் உளுந்தும் போடுகிறவர். பி.காம் முடித்துவிட்டு வீட்டில் இருந்தபோது, பஜ்ஜி மடித்து வந்த பேப்பரில் என் கட்டுரையைப் பார்த்தாளாம். எண்ணெய்க் கறை படாத பகுதியில் கல்லூரி விவரம் இருந்தது என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

கல்விக் கடன் வாங்கி, சென்னை ஹாஸ்டலில் இரண்டு வருடம். படிப்பை அவள் விவரித்த அழகைப் பார்த்து, நான் எழுதியதில் தப்பே இல்லை என்று ஒரு நிமிடம் நிம்மதியாகிவிட்டேன். முதல் வருடத்தில் ஒரு நிஜக் குடும்பத்தை எடுத்துக்கொண்டு, அதற்கு முழுத் திட்டம் தயாரிக்கச் சொன்னார்களாம். மற்றவர்கள் எல்லாம் ஐ.டி. வேலைக் குடும்பம், டாக்டர் குடும்பம் என்று எடுத்துக்கொள்ள, இவள் தன் குடும்பத்தையே எடுத்துக்கொண்டாள். வரவு, செலவு, குத்தகை, கடன், அம்மாவின் நகை — எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தால் வந்த முதல் முடிவு என்ன தெரியுமா? இந்தக் குடும்பம் இந்தப் படிப்புக்குக் கடன் வாங்கியிருக்கவே கூடாது.

பேராசிரியர் அதற்கு நல்ல மதிப்பெண் கொடுத்தாராம்.

அறநெறிக்கு என்று தனியாக ஒரு தாள் உண்டு. வாடிக்கையாளர் நலனே முதல் நலன். நமக்கு எவ்வளவு கமிஷன் வரும் என்பதை மறைக்கக் கூடாது. அவருக்குப் புரியாததில் கையெழுத்து வாங்கக் கூடாது. இதையெல்லாம் அவள் மனப்பாடமாக ஒப்பித்தாள். வகுப்பில் எல்லோருக்கும் பிடித்த தாள் அதுதானாம்.

அப்புறம் வேலை.

இங்கேதான் நான் என் கட்டுரையில் எழுதாத விஷயம் வருகிறது. எழுதாத விஷயம் என்றால் — நான் யோசிக்கவே யோசிக்காத விஷயம். ஆலோசனைக்கு இங்கே யார் காசு கொடுக்கிறார்கள்? ஜாதகம் பார்க்க ஐந்நூறு தருவோம். மனைக்கு வாஸ்து பார்க்க ஆயிரம் தருவோம். உன் பணத்தை இப்படி வை என்று ஒருவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து சொன்னால், எழுந்திருக்கும்போது ஒரு காபிதான் தருவோம். தனியாக ஆலோசகராக உட்காரலாம்தான். அதற்குப் பரீட்சை, பதிவு, கட்டணம், கணினி, ஆபீஸ் என்று ஏகப்பட்டது வேண்டும். திருநாவலூர் குத்தகை விவசாயி மகளுக்கு எங்கிருந்து வரும்? ஆக, ஆலோசனை சொல்லப் படித்தவர்களை வேலைக்கு எடுப்பது யார்? விற்க ஆள் தேடுகிறவர்கள்.

ஒரு தனியார் வங்கி எடுத்துக்கொண்டது. பெயர் வேண்டாம். கள்ளக்குறிச்சிக் கிளையிலேயே போஸ்டிங். மேஜைமேல் 'நிதித் திட்ட ஆலோசகர்' என்று பலகை வைத்தார்கள். அப்பா ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து, வாசலில் இருந்தே அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு, உள்ளே வராமல் திரும்பிப் போனாராம். உள்ளே ஏ.சி. இருக்கிறது, செருப்போடு வரலாமா என்று தெரியவில்லையாம்.

முதல் வாரமே அவளுக்குப் புரிந்துவிட்டது. யாருக்கும் திட்டம் எதுவும் போட வேண்டாம். ஒரே ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் பாலிசி. அதை விற்க வேண்டும். மாதா மாதம் இவ்வளவு என்று டார்கெட். கணக்கில் பெரிய தொகை விழுந்தால் கம்ப்யூட்டர் காட்டிக்கொடுக்கும். உடனே அந்த ஆளுக்கு போன் போட்டு வரவழைக்க வேண்டும்.

அப்படி வரவழைக்கப்பட்டவர்தான் அலமேலு.

கல்வராயன் மலையில், வெள்ளிமலை தாண்டி உள்ளே ஒரு ஊர். இரண்டு ஏக்கர் மேட்டு நிலத்தில் சாமை விதைக்கிறவர். கணவர் குடகுப் பக்கம் மிளகுத் தோட்ட வேலைக்குப் போனபோது ஆட்களை ஏற்றிச் சென்ற வண்டி கவிழ்ந்து இறந்துவிட்டார். கேஸ் நடந்து, வக்கீல் பங்கு போக மூன்று லட்சத்துச் சொச்சம் அலமேலு கணக்கில் விழுந்திருந்தது. ஒரே மகள் பிரியா அப்போது பிளஸ் ஒன். நர்ஸுக்குப் படிக்க வைக்க வேண்டும். அதற்காகத்தான் அந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூட எடுக்காமல் வைத்திருந்தார்.

மார்ச் மாதக் கடைசி வாரம். கிளைக்கு டார்கெட் இன்னும் மூன்று லட்சம் பாக்கி. எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

மேனேஜர்தான் பேசினார். டெபாசிட் மாதிரிதான் அம்மா, ஒரே தடவை போட்டால் போதும், வட்டி ஜாஸ்தி, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். உண்மையில் அது ஐந்து வருடத்துக்கு வருடா வருடம் மூன்று லட்சம் கட்ட வேண்டிய பாலிசி. சாமை விளைகிற இரண்டு ஏக்கரில் வருடத்துக்கு மூன்று லட்சம்! விண்ணப்பத்தில் அலமேலுவின் ஆண்டு வருமானம் எட்டு லட்சம் என்று போடச் சொன்னார். வினோதினிதான் நிரப்பினாள். இ-மெயில் முகவரிக் கட்டத்தில், கம்பெனி அனுப்புவது எதுவும் அலமேலுவுக்குப் போய்ச் சேராதபடி, கிளையில் உருவாக்கி வைத்திருந்த ஒரு முகவரியைப் போட்டாள். கம்பெனியிலிருந்து சரிபார்க்க போன் வரும், எல்லாவற்றுக்கும் ஆமாம் என்று சொல்லுங்கள் அம்மா என்று சொல்லிக்கொடுத்ததும் அவள்தான்.

கையெழுத்துப் போடும் முன் அலமேலு பேனாவை மேஜையில் வைத்துவிட்டார். மேனேஜரைப் பார்க்கவில்லை. வினோதினி பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லு பாப்பா. போடலாமா?"

மேனேஜர் சும்மா நின்றார். வினோதினிக்கு ஆறு மாதமாக டார்கெட் முடியவில்லை. அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாது. கல்விக் கடன் தவணை மாதம் தவறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

"போடுங்கம்மா" என்றாள்.

இதை என்னிடம் சொல்லும்போது அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அவ்ளோதான் மேடம் சொன்னேன்" என்றாள்.

மறு வருடம், பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரம், தாயும் மகளும் மலையிலிருந்து இறங்கி வந்தார்கள். நர்சிங் கல்லூரியில் பணம் கட்ட வேண்டும், போட்டதை எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். எடுக்க முடியாது. இரண்டாவது வருடப் பணம் கட்டாததால் பாலிசி நின்றுபோயிருந்தது. கழித்ததுபோக மிச்சம், ஐந்து வருடம் முடிந்த பிறகு கிடைக்கும். இதை விளக்கச் சொல்லி மேனேஜர் வினோதினியிடமே அனுப்பிவிட்டு, மீட்டிங் என்று வெளியே போய்விட்டார்.

அவள் விளக்கினாள். அலமேலுவுக்குப் புரியவில்லை. பிரியாவுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெண் அம்மாவின் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். அந்த வருடம் கல்லூரியில் சேரவில்லை.

அன்று சாயங்காலமே வினோதினி உட்கார்ந்து எழுதினாள். மூன்று பக்கம். தலைமை அலுவலகத்துப் புகார்ப் பிரிவுக்கு. என்ன பொய் சொல்லப்பட்டது, எந்தக் கட்டத்தில் என்ன பொய் எழுதப்பட்டது, யார் சொன்னார், யார் எழுதியது — எல்லாம். எழுதியது நான், என்று தன் பெயரையும் போட்டுக் கையெழுத்திட்டாள். அந்த அம்மாவின் பணத்தைத் திருப்பித் தராவிட்டால் எங்கே வேண்டுமானாலும் வந்து சாட்சி சொல்வேன் என்று கடைசி வரி.

மேனேஜர் கூப்பிட்டுப் பொறுமையாகத்தான் பேசினாராம். இதை வாபஸ் வாங்கிக்கொள், இந்தத் துறையில் எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறோம், உன் குடும்பத்தை நினைத்துப் பார் என்று. இவள் வாங்கவில்லை.

விசாரணை நடந்தது. இரண்டு மாதத்தில் முடிவு வந்தது. ஊழியர் ஒருவரின் தனிப்பட்ட முறைகேடு. ஊழியர் பணி நீக்கம்.

அந்த ஊழியர் யார் என்று கேட்கிறீர்களா? கடிதத்தில் கையெழுத்துப் போட்டிருந்தவள் ஒருத்திதானே.

அப்பாவிடம் சொன்னபோது அவர் திட்டவில்லையாம். "உண்மைய வாயில சொல்லிட்டு வந்திருக்கலாமேம்மா, ஏன் எழுதிக் குடுத்த?" என்று மட்டும் கேட்டாராம். நான் இத்தனை வருடமாகப் படித்த எந்தத் தன்னம்பிக்கைப் புத்தகத்தையும்விட நம் நாட்டைப் பற்றி ஏழுமலைக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அதன்பிறகு மூன்று நிறுவனங்களில் நேர்முகத் தேர்வு. மூன்றிலும் தேர்வானாள். மூன்றிலும், பழைய இடத்தில் விசாரித்த பிறகு போன் வரவில்லை. மேனேஜர்? சேலத்துக்குப் பெரிய பொறுப்போடு போகப்போகிறார் என்று பேச்சு.

இவ்வளவும் சொல்லி முடித்துவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னாள். அலமேலுவுக்குப் பணம் திரும்பக் கிடைத்துவிட்டது என்று பழைய சக ஊழியர் ஒருத்தி போனில் சொன்னாளாம். ஒரு வருடம் இழுத்தடித்துக் கொடுத்திருக்கிறார்கள். பிரியா இந்த வருடமாவது காலேஜில் சேர்ந்தாளா என்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். தனியாகப் போய் நிற்கப் பயமாக இருக்கிறது. "நீங்க கூட வரீங்களா மேடம்?"

நான் எழுதியதில் ஆரம்பித்தது. வரமாட்டேன் என்று எந்த வாயால் சொல்வேன்?

அவள் கடையில் லீவு சொல்லிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். பஸ் கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறியது. எனக்கு வளைவுகளில் தலை சுற்றி, ஜன்னலோரம் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வந்தேன். வெள்ளிமலையில் இறங்கி, ஜீப்பில் பத்துப் பன்னிரண்டு பேரோடு நெருக்கியடித்து அரை மணி நேரம்.

அலமேலு வீட்டு வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். நாற்பது வயதுதான் இருக்கும். நிமிர்ந்து பார்த்தார். முறம் நின்றது.

"நீயா" என்றார்.

எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்துப் போட்டார். வினோதினி நின்றுகொண்டிருந்தாள். நான் யார் என்று சொல்லி, பணம் வந்ததா என்று கேட்டேன்.

வந்ததாம். மேனேஜரே காரில் வந்தாராம். கூட வந்த ஒருவர், செக் கொடுப்பதை போட்டோ எடுத்தாராம்.

"அந்தப் பொண்ணு உன்ன ஏமாத்திட்டுதும்மா, அத்த வேலைய வுட்டே தூக்கிட்டோம், இந்தா உன் துட்டுன்னு கையில குடுத்தாரு. அந்த மாதிரி ஒரு மனுசன பாக்க முடியாதும்மா."

வினோதினியைப் பார்த்தேன். அவள் கேட்டது ஒன்றுதான். "பிரியா சேந்துட்டாளாம்மா?"

அலமேலு என்னைப் பார்த்துப் பதில் சொன்னார். "சேந்துட்டா. ஆஸ்டல்ல கீறா. ஒரு வருசம் பூட்ச்சி."

அப்போதே கிளம்பியிருந்தால் இந்தக் கட்டுரை வேறு மாதிரி முடிந்திருக்கும். அலமேலு நல்ல மனதோடு மேனேஜரைப் பற்றி இன்னும் சொல்லிக்கொண்டிருந்தார். கல்லூரிக்குக் கட்டியதுபோக இருந்ததில் ஒரு லட்சத்தைத் திரும்ப அவரிடமே போட்டிருக்கிறாராம். இது வேறு பாலிசியாம். இதுதான் நல்லது என்று அவரே சொன்னாராம்.

வினோதினி ஒரு அடி முன்னால் வந்தாள். அந்தப் பேப்பரைப் பார்க்கலாமா என்று கேட்டாள். அலமேலு அசையவில்லை. நான் கேட்டேன். உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். நான் வாங்கி அவளிடம் நீட்டினேன்.

புரட்டினாள். அதே கம்பெனி. பத்து வருடம் வருடா வருடம் ஒரு லட்சம். அதே இ-மெயில் முகவரி. ஆண்டு வருமானம் இந்தத் தடவை ஆறு லட்சம். அவள் தேதியைப் பார்த்தாள். விரல்களில் எண்ணினாள். பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. பாலிசி கைக்கு வந்த முப்பது நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், சின்னப் பிடித்தம்போகப் பணம் திரும்பிவிடும். இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.

என்னிடம் பேனா வாங்கி, வாசல் படியில் உட்கார்ந்து கடிதத்தை எழுதினாள். இரண்டு பிரதி. ஒன்றில் கிளையின் சீல் போட்டு வாங்காமல் திரும்பக் கூடாது என்று தனிச் சீட்டில் எழுதி மேலே குத்தினாள். அந்தக் கையெழுத்தின் நேர்த்தியைப் பார்க்க வேண்டுமே. படித்தது இதற்குத்தான் என்பதுபோல எழுதினாள்.

இங்கே கையெழுத்துப் போட்டால் போதும் அம்மா என்று நீட்டினாள். அலமேலு வாங்கிப் பார்த்துவிட்டு, மடித்து இடுப்பில் செருகினார்.

"பேங்க்காரர ஒரு வார்த்த கேட்டுக்கினு போடறன்."

எனக்குப் பொறுக்கவில்லை. இந்தப் பெண் எழுதிக் கொடுத்ததால்தான் உங்கள் பணமே வந்தது, அதனால்தான் இவளுக்கு வேலை போனது, அந்த மனுஷர்தான் அன்றும் உங்களை ஏமாற்றினார், இன்றும் ஏமாற்றியிருக்கிறார் என்று படபடவென்று கொட்டிவிட்டேன். அலமேலு முழுவதையும் கேட்டார். அப்புறம் முதல் தடவையாக வினோதினியை நேராகப் பார்த்தார்.

"நெசமாவே அப்பிடின்னா, அன்னிக்கி நான் கேட்டப்ப ஏன் போடச் சொன்ன?"

"பயந்துட்டேம்மா."

அலமேலு முறத்தை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார்.

"எனக்கு இப்ப பயமாத்தான் கீது" என்றார்.

யாரை நம்புவது என்று தெரியாமல் நிற்கிற ஒரு பெண்ணிடம், இரண்டு வருட மேற்படிப்பு என்ன சொல்லும்? என் 'டாக்டர்' உவமை என்ன சொல்லும்? நாங்கள் வந்த ஜீப்பே திரும்பிக்கொண்டிருந்தது. ஏறிக்கொண்டோம். மலை இறங்கும்போது, அந்த அம்மாமேல் கோபமாக இருக்கிறதா என்று வினோதினியிடம் கேட்டேன். நான் அவங்க இடத்தில் இருந்தாலும் என்னை நம்பியிருக்க மாட்டேன் மேடம் என்றாள்.

ஒரு வாரம் தகவல் இல்லை. நான் அலமேலுவின் செல்லுக்கு நாலைந்து தடவை அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. அந்த மேனேஜருக்கும் போன் செய்தேன். மிகவும் மரியாதையாகப் பேசினார். வாடிக்கையாளர் விருப்பம்தான் எங்களுக்கு முக்கியம் மேடம் என்றார். ஒருவருடைய குரலில் இவ்வளவு பணிவு இருந்தால் நாம் ஏன் உடனே குற்ற உணர்ச்சி கொள்கிறோம்? நான் 'சாரி சார்' என்று சொல்லித்தான் போனை வைத்தேன். எதற்கு சாரி? இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை பிரியா ஹாஸ்டலிலிருந்து ஊருக்குப் போயிருக்கிறாள். கடிதத்தைப் படித்திருக்கிறாள். திங்கட்கிழமை காலேஜுக்கு மட்டம் போட்டுவிட்டு, அம்மாவை பஸ்ஸில் ஏற்றிக் கிளைக்கே அழைத்து வந்துவிட்டாள். இருபத்தேழாவது நாள். மேனேஜர் காபி வாங்கிக் கொடுத்து ஒரு மணி நேரம் பேசிப் பார்த்திருக்கிறார். மகள் அசையவில்லை. சீல் போட்ட பிரதியை வாங்கிக்கொண்டுதான் எழுந்தாளாம். பத்து நாளில் பணம் கணக்குக்கு வந்துவிட்டது.

போன வாரம் பிரியா, வினோதினிக்கு போன் செய்தாள். நன்றி சொல்ல என்றுதான் வினோதினியும் நினைத்திருக்கிறாள். பிரியா அதையும் சொன்னாள், ஒரு வரியில். ஆனால் விஷயம் வேறு. அலமேலு தன் கணக்கிலிருந்து மொத்தத்தையும் எடுத்துவிட்டாராம். எந்த பேங்க்கும் வேண்டாம், போஸ்ட் ஆபீஸும் வேண்டாம், எவன் பேப்பரிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்கிறாராம். பணத்தைத் துணியில் சுற்றி, சாமை கொட்டி வைக்கிற டிரம்முக்கு அடியில் வைத்திருக்கிறாராம். எலி இருக்கிறது, மழைக்கு வீடு ஒழுகும், தெருவுக்கே தெரிந்துவிட்டது... அக்கா, உங்களிடம் அம்மா பேசாது, ஆனால் இது தப்பு என்று நீங்களே ஒரு தடவை போனில் சொல்லிப் பாருங்கள், ஸ்பீக்கரில் போடுகிறேன் என்றிருக்கிறாள்.

வினோதினி இதைச் சொல்ல வேலை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்திருந்தாள். வீட்டில் ரொக்கமாக வைப்பது எவ்வளவு தப்பு என்பதுதான் அவர்களுக்கு முதல் செமஸ்டரில் முதல் பாடமாம். விலைவாசி ஏற ஏறப் பணம் எப்படிக் கரையும் என்று வரைபடம் போட்டெல்லாம் விளக்குவார்களாம்.

"பிரியா போனை ஸ்பீக்கர்ல போட்டா மேடம். அவங்க அந்தப் பக்கம் ஒக்காந்துக்கினு இருக்காங்கன்னு தெரியுது. மூச்சு கேக்குது. தப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

எனக்கு மட்டும் வந்துவிடுமா என்ன?